சோத்தாங்கைப் பக்கம்

உறவினர் வீட்டு விசேஷங்களில் என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரியில் கோடு போடுகிறேன் என்பேன். "கோலம் போடறதுக்கெல்லாமா சம்பளம் தரா?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நோயாளி எதற்காக வந்தார், டாக்டர்கள் என்ன கண்டார்கள், என்ன செய்தார்கள் என்பதை ஃபைலில் படித்து, ஒவ்வொன்றுக்கும் எந்த நாட்டிலும் புரிகிற மாதிரி ஓர் எழுத்தும் சில எண்களும் போட வேண்டும். அந்த எழுத்தும் எண்ணும் சேர்ந்ததுதான் கோடு. கோடு சரியாக இருந்தால் காப்பீட்டுக்காரர்கள் அனுமதி தருவார்கள், அனுமதி வந்தால் அறுவை சிகிச்சை நடக்கும். மற்றபடி நான் யாருடைய நாடியையும் பிடித்துப் பார்த்ததில்லை. ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.

பயம் எனக்குப் புதிதில்லை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் மாடு எதிரே வந்தால் நான் அடுத்த சந்து வழியாகச் சுற்றிப் போகிறவள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் கைப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் கேலி செய்வார். இந்த வேலைக்குப் பயந்த சுபாவம் நல்லது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தவர்கள் ஒரு முறைக்கு இரு முறை படிப்பார்கள்.

அடையாறு பக்கம் இருக்கிற நடுத்தர ஆஸ்பத்திரி எங்களுடையது. எங்கள் பிரிவு கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்கு அடுத்து. சேர்ந்த முதல் நாளே மேலாளர் இரண்டு விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். எழுதாதது நடக்கவில்லை என்பது முதல் விதி. டாக்டர் எழுதியதை வைத்துத்தான் கோடு போட வேண்டும், நர்ஸ் எழுதியதை வைத்துப் போடக் கூடாது என்பது இரண்டாவது. அதனால் நர்ஸுகளின் தாள்கள் வந்தால் விரல் தானாகவே புரட்டிவிடும். படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. படித்து என்ன ஆகப்போகிறது என்று பழகிவிட்டது.

பிறவியிலேயே மார்பில் ஏற்படும் குறைகளுக்கு எங்கள் புத்தகத்தில் க்யூ 83 என்று ஒரு வரிசை உண்டு. ஒரு பக்கம் மார்பே இல்லாமல் பிறந்தவர்கள், காம்பு மட்டும் இல்லாதவர்கள், காம்பு கூடுதலாக இருப்பவர்கள் எல்லோருக்கும் அதில் இடம் இருக்கிறது. இந்த வரிசையில் ஃபைல் வந்தால் எங்கள் பிரிவு ஆண்கள் கூச்சப்பட்டுக்கொண்டு என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். "மேடம், இது உங்க ஏரியா" என்பார்கள். ஏதோ நான் வாடகைக்கு எடுத்த இடம் போல.

அந்த ஃபைல்களைப் படிப்பதே ஒரு தனிப் பயம். இடது மார்பு இல்லை என்று ஒரு டாக்டர் அவசரத்தில் எழுதிவிட்டுப் போய்விடுவார். பிறவியிலேயே இல்லையா, நோய் வந்து எடுத்தார்களா என்று இருக்காது. முதலாவது ஒரு கோடு, இரண்டாவது வேறு கோடு. நான் மாற்றிப் போட்டால், ஒரு நாளும் புற்றுநோயே வராத பெண்ணின் காகிதங்களில் அவளுக்குப் புற்றுநோய் வந்து போயிருக்கும். நோயாளிகளும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த இடம், அங்கே, மேலே என்பார்கள். மார்பு என்ற சொல்லே இல்லாமல் முழு விவரமும் முடிந்துவிடும். அந்தச் சுற்றுப்பேச்சை டாக்டர் ஆங்கிலத்தில் எழுதுவார், நான் அதை எண்ணாக மாற்றுவேன். இரண்டு மொழிபெயர்ப்புக்கு நடுவில் அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நான் சொல்ல வந்த ஃபைல் ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. இருபத்தாறு வயதுப் பெண், கண்ணகி நகர், பத்து மாதக் குழந்தை. சிலருக்குக் கருவிலேயே அக்குளில் கொஞ்சம் மார்புத் திசு கூடுதலாகத் தங்கிவிடும். பல வருடங்கள் அது இருப்பதே தெரியாது. பிரசவமானதும் பால் ஊறும்போது அதுவும் சேர்ந்து வீங்கும். இவளுக்கு இரண்டு அக்குளிலும் அப்படி வீங்கியிருக்கிறது. பால் கட்டியிருக்கிறது என்று ஒத்தடம் கொடுத்து விட்டுவிட்டாள். மாதங்கள் போன பிறகு ஒரு பக்க வீக்கத்துக்குள் மட்டும் கெட்டியாக ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. அது எப்படிப்பட்ட கட்டி என்று ஸ்கேனில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத் திசுவைக் கட்டியோடு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு அறுவை சிகிச்சை.

டாக்டரின் குறிப்பில் வலது அக்குள் என்று இருந்தது. அறுவைக் கோரிக்கைத் தாளிலும் வலது. வெளியே ஒரு ஸ்கேன் நிலையத்தில் எடுத்த அறிக்கையில் மட்டும் இடது அக்குள் என்று இருந்தது.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். இடது என்றே இருந்தது.

கூடுதல் மார்புத் திசுவுக்குக் கோடு க்யூ 83.1. அதற்குப் பக்கம் கிடையாது. கை முறிந்தால்கூட எந்தக் கை என்று தனியாகச் சொல்ல வழி உண்டு, இதற்கு இல்லை. வலது என்றாலும் க்யூ 83.1, இடது என்றாலும் க்யூ 83.1. நான் கோடு போட்டு அனுப்பினால் காப்பீட்டுக்காரர்கள் கேள்வி கேட்காமல் அனுமதி தருவார்கள். எந்தப் பக்கம் என்பது அந்தக் காகிதங்களில்தான் இருந்தது, அவையோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

குறிப்பு எழுதிய பயிற்சி டாக்டரை அழைத்தேன். நல்ல இளைஞர், யாரிடமும் எரிந்து விழாதவர். "மேடம், பேஷண்ட்டே சொன்னாங்க, நான் தெளிவா கேட்டுத்தான் எழுதினேன்" என்றார். "ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு, என்கிட்ட காட்ட ரொம்பக் கூச்சப்பட்டாங்க. ஸ்கேன் சென்டர்ல டைப் பண்றவங்க மாத்திப் போட்டிருப்பாங்க. போன மாசம் ஒரு ஆம்பளைக்குக் கர்ப்பப்பை நார்மல்னு அனுப்பினாங்களே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. எங்கள் பிரிவே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

மேலாளரிடம் போனேன். "க்வெரி போடுங்க. பதில் வந்தா ஃபைல்ல வைங்க. டாக்டர் எழுதினதுதான் எழுத்து, நமக்கென்ன?" என்றார். க்வெரி என்றால் டாக்டருக்கு எழுத்தில் கேட்கும் கேள்வி. இரண்டு தாள் முரண்படுகிறது என்று சுட்டிக்காட்டலாம், இதுதான் சரியோ என்று பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. போட்டேன். அரை மணியில் பதில் வந்தது: வலது, நோயாளி கூறியபடி.

விதிப்படி என் வேலை அங்கே முடிந்துவிட்டது. ஆனால் உட்கார முடியவில்லை. கோடு போடுகிறவர்கள் நோயாளியைப் பார்க்கப் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். நான் எட்டு வருடத்தில் வார்டுக்குள் போனதே இல்லை. அன்று போனேன். படியேறும்போது யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திருடியைப் போல இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மூன்றாவது மாடி, பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். ஒல்லியான பெண். அந்த வெயிலிலும் துப்பட்டாவைத் தோளோடு சுற்றிப் போர்த்தி, ஒரு கை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தாள்.

"நீ யாருக்கா? டாக்டரா?"

"இல்லைம்மா. கீழ ஃபைல் பாக்கறவ. காப்பீட்டு வேலை."

"இன்னா, கார்டு ஆவாதாமா?"

"கார்டெல்லாம் சரியா இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கட்டி எந்தப் பக்கம்?"

அவள் அடுத்த கட்டில்களை ஒரு முறை பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "சோத்தாங்கை பக்கந்தாங்க்கா. அந்த டாக்டர் தம்பியாண்டயும் சொன்னேனே. எத்தினி வாட்டி கேப்பீங்க?"

"நல்லாத் தெரியுமா?"

"என் ஒடம்பு எனக்குத் தெரியாதா? ராவும் பகலும் அத்தத்தானே தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு கீறேன்."

வலது இடது என்று எங்கள் ஊரில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? சோத்தாங்கை, பீச்சாங்கை என்றுதான் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கிளம்பப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"யக்கா, கெட்ட கட்டியா இருக்குமா? கொயந்தய தங்கச்சியாண்ட உட்டுட்டு வந்துகிறேன். பயமா கீதுக்கா."

நான் டாக்டர் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. "ஒண்ணும் இருக்காதும்மா, தைரியமா இரு" என்று சொன்னேன். யாருக்கு யார் தைரியம் சொல்வது என்று எனக்கே சிரிப்பு வந்தது. எழுதிக்கொள்ளக் கொண்டுபோயிருந்த தாளில் அவள் முன்னாலேயே குறித்துக்கொண்டேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே வந்து க்வெரித் தாளின் அடியில் எழுதினேன்: நோயாளியிடம் நேரில் உறுதி செய்யப்பட்டது, வலது. கையெழுத்தும் போட்டேன். அனுமதிக்கு அனுப்பிவிட்டு பஸ்ஸில் தி. நகர் போய் இறங்கி, வழியில் சூடாக இரண்டு பஜ்ஜிகூட வாங்கித் தின்றேன். யாரும் செய்யாத ஒன்றைச் செய்துவிட்ட பெருமை எனக்கு. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அந்த ஒரு வரிதான். செய்த அன்று அது நல்ல காரியம் மாதிரியே இருந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தேன். காப்பீட்டுக்காரர்கள் ஒரு சில்லறைக் கேள்வி அனுப்பியிருந்தார்கள். அனுமதி தந்தாயிற்று, ஆனால் நோயாளியின் உயரமும் எடையும் படிவத்தில் விடுபட்டிருக்கிறது, நிரப்பி அனுப்பவும் என்று. உயரமும் எடையும் நர்ஸ் தாளில்தான் இருக்கும். ஃபைலை எடுத்து, எட்டு வருடமாகப் புரட்டித் தள்ளிய அந்தத் தாளுக்குப் போனேன்.

உயரம் இருந்தது, எடை இருந்தது. ஒவ்வாமை இல்லை. அதற்குக் கீழே, தானாகச் சாப்பிடுவாரா என்று அச்சடித்த கேள்வி. எதிரே வார்டு நர்ஸ் உருண்டையான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ஆம், இடது கையால். வலது கையில் விரல்கள் இல்லை. சிறுவயதில் கரும்பு மிஷினில் சிக்கியது.

முதலில் அது எனக்கு உறைக்கவில்லை. எடையைப் படிவத்தில் நிரப்பிவிட்டேன். உயரத்தை எழுதும்போது கை நின்றது. துப்பட்டா ஞாபகம் வந்தது. ஒரு கை வெளியே இருந்தது, மற்றதை நான் பார்க்கவே இல்லை.

சோறு தின்கிற கை எதுவோ அது சோத்தாங்கை. எனக்கு வலது, பயிற்சி டாக்டருக்கு வலது, ஊரில் எல்லோருக்கும் வலது. அவளுக்கு இடது. அவள் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை, தடுமாறவுமில்லை. சரியாகத்தான் சொன்னாள். அதை வலது என்று எழுதியவர்கள் நாங்கள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அது சும்மா பேச்சுக்கு இல்லை. ஒன்பதே கால் ஆகியிருந்தது. பயிற்சி டாக்டரை அழைத்தேன், எடுக்கவில்லை. அறுவை அரங்குக்குப் போன் அடித்தேன், லைன் பிஸியாக இருந்தது. மேலாளர் இன்னும் வந்து சேரவில்லை, தேனாம்பேட்டை சிக்னலில் நின்றுகொண்டிருந்தார். போனில் சொன்னேன்.

"நேரா போய்க் கேட்டீங்களா? யாரைக் கேட்டுப் போனீங்க?" என்றார் முதலில். பிறகு, "நீங்களே உறுதின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப இல்லைன்னு சொன்னா முதல் கேள்வி உங்க மேலதான் வரும். ரெண்டு பக்கமும் வீக்கம் இருக்குன்னு டாக்டருக்குத் தெரியும், அவங்க பார்த்துக்குவாங்க. நான் வந்துடறேன், அதுவரைக்கும் எதுவும் பண்ணாதீங்க."

எதுவும் பண்ணாதே என்று யாராவது சொன்னால் எனக்கு எப்போதும் நிம்மதியாக இருக்கும். அன்றும் ஒரு நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்த ஒரு நிமிடத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று வரிசையாகத் தெரிந்தது. அது என் தொழில் கொடுத்த வியாதி. வலது அக்குளைத் திறந்து திசுவை எடுப்பார்கள். பரிசோதனைக்குப் போகும். நல்ல திசு, கெடுதலாக எதுவும் இல்லை என்று பதில் வரும். அவளிடம் சொல்வார்கள், அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குழந்தையைப் பார்க்கப் போவாள். ஃபைல் என்னிடம் வரும். நான் க்யூ 83.1 போட்டு மூடுவேன். எல்லாத் தாளிலும் வலது என்றிருக்கும், எதுவும் எதோடும் முரண்படாது. ஸ்கேன் நிலையத்தாரின் தட்டச்சுப் பிழையைத் தவிர. கட்டி மட்டும் அவள் இடது அக்குளில் அப்படியே இருக்கும். அது கெட்ட கட்டியாக இருந்தால், எடுத்தாகிவிட்டது என்ற நம்பிக்கையிலேயே அவள் அதை வளர விடுவாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியில் ஓடினேன். நான்காவது மாடியில் அரங்கின் வாசலில் செருப்போடு தாண்டக் கூடாது என்று தரையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அங்கே நின்று கதவைத் தட்டினேன். பச்சை உடையில் ஒரு சிஸ்டர் தலையை நீட்டினார். பெரிய உடம்பு, பெரிய குரல்.

"என்ன வேணும்?"

நோயாளியின் பெயரைச் சொன்னேன். "அவங்களுக்குக் கட்டி இடது பக்கம்னு சந்தேகமா இருக்கு சிஸ்டர்."

"அவங்களை உள்ள படுக்க வெச்சாச்சு. மயக்க டாக்டர் ரெடியா இருக்காரு. நீங்க யாரு?"

"கோடிங்."

"கோடிங்கா?" பால்காரர் வந்து கேட்டிருந்தால்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். "இங்க பாருங்க, இதையெல்லாம் கேக்காம விட மாட்டோம். இப்பதான் பேர் கேட்டு, எந்தப் பக்கம்னு கேட்டு, டிக் பண்ணினேன். அவங்க வாயாலேயே வலதுன்னு சொன்னாங்க."

கதவு மூடப் போனது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. கத்தியே விட்டேன்.

"வலதுன்னு சொன்னாங்களா, சோத்தாங்கைன்னு சொன்னாங்களா?"

சிஸ்டரின் கை கதவிலேயே நின்றது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவர் யோசிப்பது தெரிந்தது.

"சோத்தாங்கைன்னுதான்..." என்றார் மெதுவாக.

"அவங்க இடது கையாலதான் சாப்பிடறாங்க சிஸ்டர். வலது கையில விரல் கிடையாது. நர்ஸ் தாள்ல இருக்கு."

கதவு மூடியது. உள்ளே அவர் விடுவிடுவென்று நடக்கும் சத்தம் கேட்டது.

நான் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை. நான் சொன்னது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம், சரியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதைவிடப் பெரிய பயம். ஏதோ ஒரு நர்ஸ் அவசரத்தில் கையை மாற்றி எழுதியிருந்தால்? நான் ஓடி வந்ததாலேயே சரியாக இருந்ததைத் தப்பாக்கிவிட்டால்? தெரிந்த சுலோகம் எதுவும் வாயில் வரவில்லை. அறுவை தொடங்கிவிட்டதா என்று கதவில் காது வைத்துக் கேட்டேன்.

அறுவை செய்கிற பெரிய டாக்டர் வெளியே வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, அவர் முன்னால் பேசினால் எனக்கு எப்போதும் வார்த்தை திக்கும். அன்று பேசவே தேவைப்படவில்லை.

"இடதுதான்" என்றார். "ஸ்கேன் படத்தை வெச்சுக்கிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கிப் படுக்க வெச்சா அந்தக் கட்டி உள்ள ஒளிஞ்சுக்குது. வலது பக்கம் ஒண்ணுமே இல்லை." உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "அடுத்த தடவை தாள்ல கேக்காதீங்க. நேரா என்கிட்ட வாங்க." உள்ளே போய்விட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள். தப்பிய தலை என்னுடையது இல்லை, அவளுடையது. ஒருவேளை நான் போகாவிட்டாலும் டாக்டர் கத்தி வைக்கும் முன் கண்டுபிடித்திருப்பார். இருக்கலாம். எத்தனையோ முறை அப்படி நினைத்துச் சமாதானப்பட முயன்றிருக்கிறேன், முடிந்ததில்லை.

நோயாளியை அனுமதியின்றிச் சந்தித்ததற்கு மேலாளர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் என்று வாயால் கேட்டு எழுதக் கூடாது, நோயாளியே கை வைத்துக் காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சுற்றறிக்கையும் வந்தது. பத்து நாள் கழித்து வந்த பரிசோதனை முடிவில் கட்டி சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று இருந்தது. ஆனால் அவள் வீட்டுக்குப் போன நாளில் அது யாருக்கும் தெரியாது.

அந்த நாளில் காப்பீட்டுத் தாளில் அவளுடைய கைநாட்டு தேவைப்பட்டது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன். இடது பக்கம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்ததால் அந்தக் கையைத் தூக்க முடியாமல் மடியில் வைத்திருந்தாள். தங்கச்சி இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை கட்டிலின் கால்மாட்டில் தூங்கியது. துப்பட்டா இல்லை. வலது கை வெளியே இருந்தது, மணிக்கட்டுக்கு அப்பால் சின்ன மேடு மட்டும்.

"எங்க நைனா பெசன்ட் நகர் பீச்சாண்ட கரும்பு ஜூஸ் வண்டி வெச்சிருந்தாரு" என்றாள், நான் பார்ப்பதைப் பார்த்து. "ஏயு வயசுல உட்டேன் கைய." பிறகு தங்கச்சியைத் தண்ணீர் பிடித்து வர அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பக்கம் மாறிப்போச்சாமே? சிஸ்டர் சொன்னாங்கோ."

"ஆமாம்மா. எங்க தப்பு. நீ சொன்னதை நாங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்."

"அன்னிக்குக் காலைல அந்த டாக்டர் தம்பி அறுக்கற எடத்துல பேனாவுல கோடு போட வந்தாரு. இந்தப் பக்கம் போட்டாரு." விரலில்லாத கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். "நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பார்த்தியா? அப்ப ஏன் சொல்லலை?"

"வாய் வரிக்கும் வந்துச்சுக்கா. இன்னாடா இது, கட்டி அந்தாண்ட கீது, இவுரு இந்தாண்ட போட்றாரேன்னு. ஒடம்பெல்லாம் வெடவெடன்னுச்சு. கேட்டா திட்டுவாங்களோன்னு வேற பயம்."

அவள் குழந்தையின் காலை ஒரு முறை தடவிக்கொண்டாள். என் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. நன்றி சொல்கிற முகத்தோடுதான் சொன்னாள்.

"அப்பால உன் நெனப்பு வந்துச்சு. இம்மா பேர்ல நீ ஒருத்திதான் கீயேந்து மெனக்கெட்டு ஏறி வந்து கேட்ட. என் கண்ணு முன்னாடியே எய்திக்கினு போன. அந்தக்கா எய்திக்கினு போயிட்டாங்கோ, இனிமே தப்பா ஆவாதுன்னு கம்முனு படுத்துட்டேன்."